காளியப்பன் ஏன் மாறினான்

இந்த ஆண்டுப் பாதுகாப்பு வார நாடகப் போட்டிக்கு வந்திருக்கும் விதிமுறைத் தாளில் ஆறாவது விதி இப்படி இருக்கிறதாம்: ‘நாடகங்களில் காதல் காட்சிகளைத் தவிர்க்கவும்.’ நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் நாடகக் குழுப் பிள்ளைகள் போனில் இதைப் படித்துக் காட்டினார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகிறது. என் கோபம் இன்னும் ஓய்வு பெறவில்லை. “தலைக்கவசம் போடு, பூட்ஸ் போடுன்னு சொல்றதுக்குக் காதல் எதுக்குன்னு கேக்கறாங்கண்ணா. நீங்க நம்ம பாதுகாப்பு வார மலருக்கு ஒரு கட்டுரையா எழுதிக் குடுங்க” என்றார்கள். எழுதுகிறேன். குற்றம் குறை இருந்தால் என்னை வந்து கேளுங்கள், வீடு தெரியும்.

வெளியாட்களுக்காக ஒரு வார்த்தை. ஓசூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் வருடத்துக்கு ஒரு வாரம் பாதுகாப்பு வாரம். கொடி ஏற்றுவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள், கடைசி நாள் தொழிலாளர்களே எழுதி நடிக்கும் இருபது நிமிட நாடகங்கள் நடக்கும். பல வருடம் எங்கள் தொழிற்சாலை நாடகத்தை எழுதியவன் நான். பெரிய எழுத்தாளன் என்று நினைத்துவிட வேண்டாம். வேலை, தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில்.

சொந்த ஊர் காவேரிப்பட்டினம். ஐ.டி.ஐ. முடித்து, அப்ரண்டிஸாகச் சேர்ந்து, ஆபரேட்டராகி, பிறகு மெஷினில் டை என்ற அச்சை மாட்டிச் சரிசெய்து கொடுக்கும் செட்டரானேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல விசேஷமாக ஒன்றுமில்லை. எல்லோரையும் போல எண்ணெயில் ஊறினேன், எல்லோரையும் போலத் திட்டு வாங்கினேன். கல்யாணத்துக்கு முன்னால் கம்பெனி பஸ்ஸில்தான் போய்வந்தேன். அந்தப் பஸ்ஸில் கதை சொல்லப் பழகினேன். கிருஷ்ணகிரியில் ஆரம்பித்தால் சூளகிரி வருவதற்குள் கதாநாயகி வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆட்கள் தூங்கிவிடுவார்கள். இதுதான் என் இலக்கியப் படிப்பு.

அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என் முதல் நாடகத்தைப் பாதுகாப்பு அதிகாரி ருத்ரப்பா சாரிடம் கொண்டுபோனேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆனேக்கல் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம், அலுவலகத்தில் ஆங்கிலம், ஷாப்பில் எங்களோடு தமிழ். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். ஒரு ஆபரேட்டரிடம் பேச வேண்டுமென்றால், மெஷின் ஓடும்போது கூப்பிடவே மாட்டார். பக்கவாட்டில், அவன் கண்ணில் படுகிற இடத்தில் போய் நிற்பார். அவனாக மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பும் வரை நிற்பார். பத்து நிமிடமானாலும் சரி. திரும்பியதும் முதலில் “சாப்டீங்களா?” என்பார். அதற்குப் பிறகுதான் விஷயம். திட்டுவதாக இருந்தாலும் இதே வரிசைதான். இத்தனை வருடத்தில் எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்துவிட்டேன். ஓடுகிற மெஷினுக்கு அந்த மரியாதை கொடுத்தவர் அவர் ஒருத்தர்தான்.

இன்னொரு பழக்கம், ‘யாக்கே’. கன்னடத்தில் ‘ஏன்’. எங்கள் தொழிலில் ஒரு தவறு நடந்தால் ஏன் நடந்தது என்று ஐந்து முறை கேட்க வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி ஒரு ஏன். ஐந்தாவது ஏனுக்கு வருகிற பதில்தான் உண்மையான காரணம். எல்லாத் தொழிற்சாலையிலும் உள்ள நடைமுறைதான் இது. மற்ற அதிகாரிகள் இதற்கு ஒரு தாளை நிரப்பிக் கையெழுத்துப் போடுவார்கள். ருத்ரப்பா சார் உண்மையாகவே கேட்பார். அவருக்கு ‘யாக்கே சார்’ என்றுதான் ஷாப்பில் பெயர்.

என் முதல் நாடகத்தின் நாயகன் மாரி. தலைக்கவசம் போடவே மாட்டான். ஒரு பெண்ணைக் காதலிக்கிறான். அவள், ‘எனக்காகப் போடுங்க’ என்கிறாள். போடுகிறான். திரை. எனக்கு எழுதி முடித்ததும் கண் கலங்கிவிட்டது. ருத்ரப்பா சார் பென்சிலை எடுத்தார்.

“மாரி ஏன் மாறிட்டான்?”

“காதல் வந்துருச்சு சார்.”

“யாக்கே? காதல் வந்தா ஏன் மாறணும்?”

“அந்தப் பொண்ணு சொல்லுச்சு சார்.”

“இவ்வளவு நாளா நான் சொன்னேனே, கேக்கலையே. அவங்க சொன்னா மட்டும் யாக்கே?”

“அவ மேல பிரியம் சார்.”

“பிரியமா இருக்கறவங்க சொன்னா கேட்டுருவாங்களா? உங்க வீட்ல சொல்றதெல்லாம் நீங்க கேக்கறீங்களா?”

நான் தலையைச் சொறிந்தேன்.

“நோடி, இங்க பாருங்க கோவிந்தசாமி,” என்றார். “ஒரு பீஸ் கெட்டுப்போச்சுன்னா சூப்பர்வைசர் என்ன எழுதறார்? ‘ஆபரேட்டருக்கு அறிவுரை வழங்கப்பட்டது’ன்னு எழுதறார். அடுத்த வாரம் அதே பீஸ் மறுபடி கெட்டுப்போகுது. உங்க கதாநாயகியும் அதேதான் பண்றாங்க. அறிவுரை வழங்கறாங்க. இந்த மாரி அடுத்த வாரமே கவசத்தைக் கழட்டிருவான். போய் அவனைக் கேளுங்க.”

மாரியைப் போய்க் கேட்பதாவது! அவன் நான் காகிதத்தில் எழுதிய ஆள். ஆனால் மனிதர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாலு நாள் மாரியைக் கேட்டேன். ஏன்டா நீ தலைக்கவசம் போடுவதில்லை? முதலில் வேர்க்கிறது என்றான். பிறகு தலைமுடி கலைகிறது என்றான். கடைசியில் உண்மை வந்தது. கவசம் போட்டுக்கொண்டு நடந்தால் கூட்டாளிகள் கிண்டல் செய்வார்கள், அதற்குப் பயம். சரி, காதல் வந்ததும் என்ன நடக்கும்? விஷயம் தெரிந்து மொத்த ஷாப்பும் அவனைப் பத்து நாள் ஓட்டு ஓட்டு என்று ஓட்டும். கேன்டீனில், பஸ்ஸில், கழிவறை வாசலில்கூட. பதினோராவது நாள் பார்த்தால் அவன் உயிரோடுதான் இருக்கிறான். கிண்டலால் ஆள் செத்துவிடுவதில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அப்புறம் அவனுக்குத் தலைக்கவசம் எம்மாத்திரம்?

இதை எழுதிக் கொண்டுபோய்க் காட்டினேன். ருத்ரப்பா சார் இரண்டு முறை படித்தார். “ஆய்த்து” என்றார். ஆயிற்று, முடிந்தது என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அதற்குப் பிறகு நான் எழுதினேன் என்று சொன்னால் மிகையில்லை.

அடுத்த வருடம் கதாநாயகிக்காக உதை வாங்கினேன். எங்கள் நாடகங்களில் கதாநாயகியாக நடித்தது இன்ஸ்பெக்‌ஷனில் வேலை பார்த்த ரேவதி. தேனிப் பக்கத்திலிருந்து வந்த பெண். ஒத்திகையில் வசனத் தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“என்னண்ணே இது? அவரு காதலிக்காரு, அவரு மாறுதாரு, அவரு பெரிய ஆளாயிடுதாரு. நான் தூக்குவாளியத் தூக்கிக்கிட்டு வாரதுக்குத்தேன் இருக்கேனா? எனக்கு மட்டும் காதல் வந்தா ஒண்ணுமே ஆவாதா?”

ருத்ரப்பா சார் ஓரமாக உட்கார்ந்திருந்தார். சிரித்துக்கொண்டே “யாக்கே கோவிந்தசாமி?” என்றார்.

அந்த நாடகத்துக் கதாநாயகி செண்பகம், பீஸ்களைச் சோதித்து அனுப்புகிறவள். தப்பான பீஸ் வந்தால் உற்பத்தி லைனையே நிறுத்தும் உரிமை அவளுக்கு உண்டு. ஆனால் சூப்பர்வைசருக்குப் பயந்துகொண்டு நிறுத்த மாட்டாள். இவள் எப்படி மாறுவாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. ரேவதிதான் சொன்னாள்.

“வீட்டுல யாரையும் கேக்காம, இந்த ஆள எனக்குப் புடிச்சிருக்குன்னு ஒருத்தி மொதத் தடவையா தனக்குத்தானே சொல்லிக்கிடுதா பாருங்க, அதுதாண்ணே பெரிய விசயம். அதச் சொல்லிட்டவளுக்கு, இந்தப் பீசு சரியில்லன்னு சொல்ல வாயி வராதாக்கும்?”

கதாநாயகன் அந்தக் காட்சியில் மேடையிலேயே இல்லை. செண்பகம் தனியாகக் கையை நீட்டி லைனை நிறுத்துகிறாள், கூட்டம் விசிலடிக்கிறது. அந்தக் காட்சிக்கு ருத்ரப்பா சார் ஒரு யாக்கே கூடக் கேட்கவில்லை. அந்தப் பாராட்டில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது காளியப்பனுக்கு வருகிறேன். இந்த நாடகம் மேடை ஏறவே இல்லை. ஆனால் நான் எழுதியதில் நல்லது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அந்த வருடம் அருகிலிருந்த வேறொரு பட்டறையில் ஒருவருக்குப் பிரஸ்ஸில் இரண்டு விரல் போயிற்று. ருத்ரப்பா சார் என்னைக் கூப்பிட்டு, “இந்த வருஷ நாடகம் ஆப்பைப் பத்தி” என்றார்.

பிரஸ் என்பது தகட்டை அழுத்தி வெட்டியோ வளைத்தோ கொடுக்கும் மெஷின். ஆபரேட்டர் தகட்டை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு பட்டன்களை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அப்போதுதான் மேல்பகுதி இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் உள்ளே இருக்க முடியாது. அவ்வளவுதான் தத்துவம். எங்கள் பழைய பிரஸ்களில் இதற்கு ஒரு குறுக்குவழி இருந்தது. பேக்கிங் பெட்டி மரத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஆப்பு செதுக்கி, ஒரு பட்டனை அழுத்தியபடி அதன் வளையத்தில் செருகிவிட்டால், அது அழுந்தியபடியே நிற்கும். பிறகு ஒரு கையால் பட்டன், மறு கையால் தகடு. வேலை பறக்கும். கை உள்ளே இருக்கும்போது மறு கை அவசரப்பட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

காளியப்பன் அப்படி ஆப்பு வைத்து ஓட்டுகிறவன். செல்வி என்ற பெண்ணைக் காதலிக்கிறான். காளியப்பனாக நடிக்க முனிராஜ், செல்வியாக ரேவதி. முனிராஜ் வேப்பனப்பள்ளிப் பையன், வீட்டில் தெலுங்கு. காண்டிராக்ட் தொழிலாளி. மேடையில் ஏறினால் ஆளே மாறிவிடுவான். அந்த வருடம் அவனை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு இருந்தது. ஊரில் அதை நம்பித்தான் அவனுடைய தங்கைக்கு நிச்சயம் செய்திருந்தார்கள்.

ஒத்திகைக்கு ருத்ரப்பா சார் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். அன்றைக்குரிய பீஸ் எண்ணிக்கையை முடித்தவர்கள் நாலு மணிக்கே ஒத்திகைக்கு வரலாம், முடிக்காதவர்கள் வரக்கூடாது. நியாயமான விதி. ஆனால் முனிராஜ் ஓட்டிய ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் அந்த எண்ணிக்கை ஐந்து மணிக்கு முன்னால் முடியாது. முதல் இரண்டு நாள் கதாநாயகன் இல்லாமல் ஒத்திகை நடந்தது. மூன்றாவது நாள் நான் அவனிடம் போய், என் டூல் பாக்ஸிலிருந்து ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

“போட்டிக்கு இன்னும் மூணு வாரந்தான்டா. அதுவரைக்கும் வச்சு ஓட்டு. சீக்கிரம் வந்துரு.”

“சரிண்ணா” என்றான்.

ஆம், ஆப்புதான். ஆப்பு வைக்காதே என்று சொல்லும் நாடகத்துக்கு ஒத்திகை பார்க்க நான் ஆப்பு கொடுத்தேன். ஊருக்கு உபதேசம் என்பார்களே, அது நான்தான். அன்று எனக்கு அது தவறாகவே படவில்லை. நாடகம் நன்றாக வர வேண்டும், அவ்வளவுதான் புத்தியில் இருந்தது.

இந்த நிலையில்தான் ஸ்கிரிப்டோடு ருத்ரப்பா சார் முன்னால் உட்கார்ந்தேன்.

“காளியப்பன் ஏன் ஆப்பை எடுத்தான்?”

“செல்வி அழுதா சார்.”

“அவங்க அம்மா அழலையா?”

“அழுதிருப்பாங்க சார்.”

“அம்மா அழுதப்போ எடுக்கல. செல்வி அழுதா எடுக்கறான். யாக்கே? அம்மா மேல பிரியம் இல்லையா?”

ஒரு வாரம் இழுத்தது. செல்வியைச் சண்டை போட வைத்துப் பார்த்தேன், பேசாமல் போக வைத்துப் பார்த்தேன். எல்லாம் ‘அறிவுரை வழங்கப்பட்டது’ வகைதான். பிறகு ஒரு நாள் ஷிப்ட் முடிந்து நடந்து வரும்போது அந்தக் காட்சி முழுதாக வந்தது. வீட்டுக்குப் போய் ஒரே மூச்சில் எழுதினேன்.

காட்சி இதுதான். ஆள் பற்றாக்குறையால் ஒரு நாள் செல்வியைக் காளியப்பனின் பிரஸ்ஸில் போடுகிறார்கள். எப்படி ஓட்டுவது என்று அவன்தான் காட்டிக்கொடுக்க வேண்டும். அவள் மெஷின் அருகே வருகிறாள். அவள் வருவதற்குள் காளியப்பன் அவசரமாக ஆப்பைத் தட்டி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறான். ‘என்ன அது?’ என்கிறாள். ‘ஒண்ணுமில்ல’ என்கிறான். அவள் இரண்டு கையையும் பட்டனில் வைத்துப் பயந்து பயந்து அழுத்துகிறாள். நாள் முழுக்க அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். சாயங்காலம் அவள் போய்விடுகிறாள். காளியப்பன் பையிலிருந்து ஆப்பை எடுக்கிறான். பட்டனைப் பார்க்கிறான். அவள் கை இருந்த இடத்தில் வைக்க முடியாத ஒன்றை என் கை இருக்கும் இடத்தில் மட்டும் எப்படி வைத்தேன் என்று முதல் தடவையாக யோசிக்கிறான். ஆப்பைக் குப்பைத் தொட்டியில் போடுகிறான். ஒரு வசனம்கூடக் கிடையாது.

கதையில் காதல் என்ன வேலை செய்கிறது என்று எனக்கு விளங்கியது அப்போதுதான். காதல் யாரையும் நல்லவனாக்குவதில்லை. அவனிடம் இருக்கிற ஒன்றை அவள் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கச் செய்கிறது. ஒளித்துவைத்தவனுக்குத்தான் அது என்னவென்று தெரிகிறது. அதற்கு முன்னால் அது அவனுக்கு வெறும் பழக்கம். இந்த இடத்தை அழுகையாலும் அறிவுரையாலும் தொட முடியாது. ஆறாவது விதி எழுதியவர்கள் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

ருத்ரப்பா சார் படித்து முடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கோவிந்தசாமி, நீங்க பெரிய ஆளு” என்றார். நான் எழுந்துவிட்டேன்.

“உக்காருங்க. நாலுதான் கேட்டிருக்கேன். அஞ்சாவது இருக்கு. அந்த ஆப்பு காளியப்பனுக்கு யார் கொடுத்தாங்க?”

“அது கதைக்குத் தேவையில்ல சார்” என்றேன்.

“ஹௌதா?” என்றார். அப்படியா என்று அர்த்தம். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் மதியம் முனிராஜ் என்னைத் தேடி வந்தான். சிரித்துக்கொண்டே இடது கையுறையைக் காட்டினான். நடுவிரல் நுனியில் துணி இல்லை. கத்தரியால் நறுக்கியது போல இருந்தது.

“பாத்தியாண்ணா, கிளவுசு போச்சு, வெரலு போகல. நல்ல நேரம்!”

அவன் விரலைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்திலிருந்த மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். ‘ஆப்பை எடு’ என்று சொல்ல வேண்டும், சொன்னேன். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். ஆனால் அவன் கண் கடிகாரத்தின் மேல் இருந்தது. நான் அந்தப் பக்கம் போனதும் மறுபடி வைப்பான் என்று எனக்குத் தெரியும். நான் அவனுக்கு வழங்கியது அறிவுரைதானே.

அன்று என்னைக் குடைந்தது இது. காகிதத்தில் உள்ள காளியப்பனால் செல்வியின் கையை அந்த மெஷினில் ஆப்போடு விட முடியவில்லை. நான் முனிராஜின் கையை அப்படி விட்டிருக்கிறேன். அவனைத் தம்பி மாதிரி என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். சார் காதில் போட்டால் எனக்கு வேலை போகலாம், அது பரவாயில்லை என்றுகூட நினைத்துவிட்டேன். முனிராஜ் காண்டிராக்ட் ஆள். பாதுகாப்பு விதியை மீறினான் என்று ஒரு வரி எழுதினால் கம்பெனி கேட்டுக்கு வெளியே நிற்பான். விரலைக் காப்பாற்றப் போய் அவன் பிழைப்பைக் கெடுத்தவன் ஆவேன். சொல்லாவிட்டால் அந்த விரல். எதைச் செய்வது?

ஸ்கிரிப்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதினேன். ‘ஆப்பைக் கொடுத்தவன் செட்டர். ஒத்திகைக்கு நேரமாகிறது என்று கொடுத்தான். ஏழாம் நம்பர் பிரஸ்.’ அதை ருத்ரப்பா சார் மேஜையில் வைத்துவிட்டு நின்றேன்.

அவர் படித்தார். நான் நாடகத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து நடந்தார். நானும் பின்னால் நடந்தேன். ஏழாம் நம்பர் பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்தே தெரிந்தது, முனிராஜின் ஒரு கை பட்டனில், ஒரு கை தகட்டில். ஓடிப்போய்க் கத்த வேண்டும் போல எனக்கு வாய் துடித்தது. ருத்ரப்பா சார் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“பேடா, வேண்டாம். திடுக்குன்னு திரும்பினா கை போயிரும்.”

பக்கவாட்டில், அவன் கண்ணில் படுகிற இடத்தில் போய் நின்றார். பிரஸ் நாலு ஸ்ட்ரோக், அதாவது நாலு தடவை, இறங்கியது. ஒவ்வொன்றுக்கும் நான் செத்துப் பிழைத்தேன். அவர் கைகளைப் பின்னால் கட்டியபடி அசையாமல் நின்றார். முனிராஜ் அவரைக் கவனித்தான். மெஷினை நிறுத்தினான்.

“சாப்டியா முனிராஜ்?”

“ஆச்சு சார்.”

அவர் உள்ளங்கையை நீட்டினார். முனிராஜ் என்னைப் பார்த்தான், பிறகு ஆப்பைத் தட்டி எடுத்து அந்தக் கையில் வைத்தான். அழ ஆரம்பித்துவிட்டான். “சார், தங்கச்சிக்கு நிச்சயம் பண்ணிருக்குது சார்…”

“நீ போய்த் தண்ணி குடி” என்றார் ருத்ரப்பா சார்.

அறைக்கு வந்து அறிக்கைத் தாளை எடுத்தார். என்னை எதிரே உட்கார வைத்து ஐந்து ஏனையும் சத்தமாகக் கேட்டு எழுதினார். கையுறை ஏன் வெட்டுப்பட்டது? ஆப்பு இருந்தது. ஆப்பு ஏன் இருந்தது? செட்டர் கொடுத்தார். என் பெயரை முழுதாக எழுதினார், மறைக்கவில்லை. அதற்காகவும் அவரை மதிக்கிறேன். செட்டர் ஏன் கொடுத்தார்? நாலு மணிக்குள் எண்ணிக்கை முடிய வேண்டும். ஏன் முடிய வேண்டும்? முடித்தால்தான் ஒத்திகை. ஐந்தாவது ஏனுக்கு முன்னால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். முடிக்க முடியாத அந்த விதியை ஏன் போட்டார்கள்? ‘ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் நாலு மணிக்குள் எண்ணிக்கை முடியுமா என்று பாதுகாப்பு அதிகாரி சோதித்துப் பார்க்கவில்லை. காரணம்: பாதுகாப்பு அதிகாரி.’ கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

“சார், தப்பு என்னுது சார்” என்றேன்.

“உங்களுது ரெண்டாவது யாக்கேல வந்துருச்சு. அங்கேயே நிறுத்திக்கிட்டா நான் இத்தனை வருஷம் கேட்டதெல்லாம் சும்மா.”

அந்த அறிக்கையால் அவருக்கு மேலிடத்திலிருந்து எழுத்து மூலம் கண்டனம் வந்தது. வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. நாடகத்தை அவரே போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டார். ‘செட்டர் சொன்னபடி செய்தார்’ என்று முனிராஜைப் பற்றி ஒரே வரி எழுதியிருந்தார். அந்த வரியால் அவன் தப்பித்தான். சில மாதம் கழித்து நிரந்தரமானான். பழைய பிரஸ்கள் எல்லாவற்றிலும் பட்டனை மாற்றினார்கள். ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் இரண்டு கையையும் எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினால்தான் மெஷின் இறங்கும், ஆப்பு வைத்தால் அப்படியே நின்றுவிடும். யாருக்கும் அறிவுரை வழங்கப்படவில்லை.

எனக்கு மூன்று நாள் சஸ்பென்ஷன். எதற்காக வீட்டில் இருக்கிறேன் என்று என் மனைவி மாதம்மாளிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். என் நாடகங்களை எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவாள். இரண்டாம் நாள் மதியம், காளியப்பன் கதையை நான் எழுதிவைத்திருந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“இது நம்ம குடும்ப நாளு அன்னிக்கு நடந்ததுதானே?”

நான் அவள் கையிலிருந்த நோட்டைப் பார்த்தேன்.

கல்யாணமான புதிதில், நான் ஆபரேட்டராக இருந்தபோது, கம்பெனியில் குடும்ப நாள் கொண்டாடினார்கள். வீட்டில் உள்ளவர்களை உள்ளே அழைத்துப்போய் மெஷினைக் காட்டலாம். மாதம்மாள் என் பிரஸ்ஸைப் பார்த்துவிட்டு, நானும் ஒரு தடவை அழுத்திப் பார்க்கிறேன் என்று கையை நீட்டிக்கொண்டு வந்தாள். நான் முந்திக்கொண்டு பட்டனிலிருந்து ஒன்றைத் தட்டி எடுத்துப் பையில் போட்டேன். என்ன அது என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அவள் இரண்டு கையாலும் அழுத்தினாள். மெஷின் இறங்கியது. குழந்தை மாதிரி சிரித்தாள்.

“ஆமா, அதுதான்” என்றேன்.

“காளியப்பன் அதைக் குப்பைத் தொட்டில போட்டுட்டான். நீங்க என்னா பண்ணீங்க?”

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வாரத்தில் எனக்குப் பொய் தீர்ந்துபோயிருந்தது.

“திங்கக்கிழமை மறுபடி வச்சிக்கிட்டேன்.”

“எத்தினி வருசம்?”

“செட்டர் ஆகற வரைக்கும். ஏழு வருசம்.”

“முனிராசுக்குக் குடுத்தது?”

“அதே ஆப்புதான்.”

அவள் நோட்டை மூடினாள். எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாள். கண் சிவந்திருந்தது.

“ஏழு வருசம் தெனமும் சோறு கட்டிக் குடுத்து அனுப்பிச்சிருக்கறன். சாயங்காலம் கையோட வருவீங்களான்னு எனக்கு யாருமே சொல்லலையே,” என்றாள். பிறகு சொன்னாள்: “அந்தக் காளியப்பன் உங்களை விட நல்லவன்.”

அது உண்மைதான். ஆசையாகக் கட்டிக்கொண்ட பெண்ணின் கைகளை அதே மெஷினில் பார்த்தும் நான் மாறவில்லை. நான் எழுதியவன் ஒரே நாளில் மாறினான். அவனைப் பார்த்துத்தான் நான் மாறினேன்.

நாலாம் நாள் வேலைக்குக் கிளம்பினேன். மாதம்மாள் டிபன் பாக்ஸோடு வாசலுக்கு வந்தாள். பாக்ஸை நீட்டுவதற்கு முன்னால் என் வேலைச் சட்டையின் இரண்டு பையிலும் கையை விட்டுத் துழாவிப் பார்த்தாள். நான் ஓய்வு பெற்ற நாள் வரைக்கும், ஒரு நாள் தவறாமல், அப்படிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள்.